வீட்டுல ஆறு கோழி வளர்த்தேன்: ஒரு வருஷ வரவு செலவு, உள்ளது உள்ளபடி



ஆபீஸ் கேன்டீன்ல ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, வீட்டுல நாலு நாட்டுக்கோழி வளர்த்தா முட்டைச் செலவும் மிச்சம், மாசம் ரெண்டாயிரம் சைடு இன்கமும் வரும்னு ஒரு வீடியோல பார்த்தேன். நிஜமா?"

அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா நான் கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். நோட்டைப் பார்க்காம வாய்க்கு வந்ததைச் சொல்ல மனசு வராது. நல்லவேளையா நோட்டு இருந்துச்சு. போன வருஷம் ஆடி முடியுற சமயத்துல ஆறு கோழி வாங்கி விட்டேன். அன்னைக்கிருந்து தீவனம், மருந்து, முட்டை, சாவு, பொரிப்பு எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். அந்த ஒரு வருஷக் கணக்கைத்தான் இங்க உங்களுக்குத் திறந்து காட்டப் போறேன்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். பணக் கணக்குல எனக்கு நஷ்டம். ஆனாலும் கோழியை நான் விடப் போறதில்ல. ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையா இருக்க முடியும்னு கடைசி வரைக்கும் படிச்சா புரியும்.

முதல்ல அம்மாவோட கணக்கு

எங்க ஊரு தாராபுரம் பக்கம். அம்மாகிட்ட எப்பவும் பத்துப் பதினஞ்சு சிறுவிடைக் கோழி இருக்கும். காலையில பஞ்சாரத்தைத் தூக்கி விட்டா, குப்பைமேடு, வேலியோரம், மாட்டுத்தொழுவம்னு மேஞ்சுட்டு, பொழுது சாஞ்சா தானா வந்து அடையும். தீவனம்னு காசு குடுத்து வாங்கினது ரொம்பக் கம்மி. நெல்லு புடைக்கும்போது விழுற நொய்யி, கொஞ்சம் கம்பு, குஞ்சுகளுக்குக் கரையான். அவ்வளவுதான்.

முட்டை வித்த காசு, பண்டிகைக்குச் சேவல் வித்த காசு எல்லாம் அம்மாவோட சிறுவாடு. அப்பாகிட்டக் கணக்குச் சொல்ல வேண்டாத காசு. கோழி வெச்சுக்க வசதி இல்லாத பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பெட்டைய வாரத்துக்கு விடுவாங்க. அந்த அக்கா வளர்ப்பாங்க, பொரிக்கிற குஞ்சுல ஆளுக்குப் பாதி. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது.

2011-ல நான் காலேஜ் சேர்ந்தப்ப ஹாஸ்டல் அட்வான்ஸுக்குக் காசு குறைஞ்சது. அம்மா அரிசி டிரம்முக்குள்ள கைய விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாங்க. பத்தும் இருபதுமா 4,300 ரூபாய் இருந்துச்சு. அதுதான் நான் பார்த்த முதல் எமர்ஜென்சி ஃபண்ட்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அம்மாவுக்கு லாபம் வந்ததுக்குக் காரணம் முட்டை விலை இல்ல. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். இடம் இலவசம், இரை இலவசம். டவுன்ல இருக்கிற நமக்கு இந்த ரெண்டுமே காசு. வீடியோக்கள்ல இந்த வித்தியாசத்தைச் சொல்றதே இல்ல.

எந்தக் கோழி? கணக்கு இங்கதான் மாறுது

கோழினு ஒரே வார்த்தையில சொல்லிடறோம். ஆனா ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு கணக்கு.

* பண்ணை வெள்ளை லேயர் கோழி: வருஷம் 300 முட்டை வரைக்கும் இடும். நாமக்கல்லுல இருந்து நமக்கு வர்ற முட்டை இதோடதுதான். முழுக்க முழுக்க தீவனத்தை நம்பியே வாழும்.
* நாட்டுக்கோழி, அதாவது சிறுவிடை: வருஷம் 50-ல இருந்து 80 முட்டை. ஒரு ஈடு இட்டு முடிச்சதும் அடைக்கு உட்கார்ந்துடும். அந்த நேரத்துல முட்டை கிடையாது. ஆனா தானா இரை தேடும், குஞ்சு பொரிக்கும், குஞ்சைக் காப்பாத்தும்.
* மேம்படுத்தப்பட்ட புழக்கடை ரகங்கள்: ஹைதராபாத்ல இருக்கிற கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கின வனராஜா, கிராமப்பிரியா இதுல வரும். நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் நந்தனம் கோழி, நாமக்கல் கோழினு ரகங்கள் கொண்டு வந்திருக்கு. கிராமப்பிரியா நல்லா பராமரிச்சா வருஷம் 200 முட்டைக்குப் பக்கத்துல போகும். பொதுவா அடைக்கு உட்காராது.

நான் நாலு கிராமப்பிரியா விடைகள் வாங்கினேன், மூணு மாச வயசு. அம்மா ரெண்டு சிறுவிடைப் பெட்டை குடுத்தாங்க. முட்டைக்கு அது, குஞ்சுக்கு இதுனு கணக்கு.

நிறைய பேருக்கு இருக்கிற ஒரு சந்தேகம்: முட்டை இடறதுக்குச் சேவல் வேணுமா? வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டை இடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். அதனால விடிகாலை நாலு மணிக்குக் கூவி பக்கத்து வீட்டுக்காரர்கிட்டத் திட்டு வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

ஆரம்பச் செலவு

* நாலு விடைகள், ஒண்ணு 350 வீதம்: 1,400 ரூபாய்
* ஆறுக்கு நாலு அடி கூண்டு, கம்பி வலை, கூலியோட: 5,200 ரூபாய்
* தீவனத் தட்டு, தண்ணி டப்பா: 450 ரூபாய்
* குடற்புழு மருந்து, சில்லறை மருந்துகள்: 250 ரூபாய்
* மொத்தம்: 7,300 ரூபாய்

முட்டை இடற பெட்டிக்கு பழைய காய்கறி டிரேல வைக்கோல் போட்டேன், செலவில்ல.

கூண்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ராத்திரி அடையறதுக்கு ஒரு கோழிக்கு ரெண்டு சதுர அடியாவது வேணும். அது போக, பகல்ல கிளறித் திரிய மண்ணு வேணும். கீரி அடியில தோண்டி உள்ள வரும். அதனால வலையை ஒரு முழம் மண்ணுக்குள்ள இறக்கிப் போடச் சொல்லுங்க. கோழி உட்கார ஒரு குறுக்குக் கட்டையும் வேணும், அதுக்கு உயரத்துல ஏறி உட்கார்ந்து தூங்கித்தான் பழக்கம்.

மாசச் செலவு

வளர்ந்த கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100-ல இருந்து 120 கிராம் சாப்பிடும். ஆறு கோழிக்கு மாசம் 20 கிலோ. வீட்டுக் கழிவு, கீரை, மேய்ச்சல் எல்லாம் போக நான் காசு குடுத்து வாங்கினது மாசம் 12 கிலோ. மக்காச்சோளம், கம்பு, நொய், லேயர் தீவனம் கலந்து சராசரியா கிலோ 35 ரூபாய், ஆக 420. கிளிஞ்சல் தூள், மருந்து, கூண்டுக்கு உமி எல்லாம் ஒரு 100. மாசம் 520 ரூபாய்.

முதல் மூணு மாசம் முட்டையே வரலை. சோறு மட்டும் போட்டுட்டு உட்கார்ந்திருக்கணும். இந்தக் காலத்தைப் பட்ஜெட்ல சேர்க்காம ஆரம்பிக்கிறவங்கதான் "கோழி ஏமாத்திடுச்சு"ன்னு பாதியில விக்கிறாங்க.

தீவனச் செலவைக் குறைக்க எனக்கு உதவினது இதெல்லாம்:

* காய்கறித் தோல், கீரைத் தண்டு, மிஞ்சின சோறு. உப்பு, எண்ணெய் அதிகமா இருக்கிறதும், பூஞ்சை பிடிச்ச தானியமும் மட்டும் கூடவே கூடாது. பூஞ்சை விஷம் கோழியைக் கொன்னுடும்.
* அம்மா சொல்லிக் குடுத்த கரையான் பானை. பழைய மண்பானையில கிழிஞ்ச சாக்கு, ஓலை, காய்ஞ்ச சாணி போட்டு, லேசா தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடத்துல சாயங்காலம் கவுத்து வைக்கணும். காலையில எடுத்துத் தட்டினா குஞ்சுகளுக்குப் புரதச் சாப்பாடு ரெடி. கட்டடத்தை விட்டுத் தள்ளி வைங்க, கதவு நிலையில கரையான் ஏறிட்டா கணக்கு வேற மாதிரி போயிடும்.
* தொட்டியில வளர்த்த அசோலா. தீவனத்துல கொஞ்சமா கலந்து போடலாம்.
* முட்டை ஓட்டை வறுத்துப் பொடிச்சு கலக்கிறது. ஓடு கெட்டியாக சுண்ணாம்புச் சத்து வேணும். முழு ஓடாப் போட்டா, தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிடும்.

ஒரு முட்டை எனக்கு என்ன விலைக்கு ஆச்சு?

வருஷம் முழுக்கக் கிடைச்சது 502 முட்டை. கிராமப்பிரியா 418, ரெண்டு சிறுவிடையும் சேர்ந்து 84.

செலவு இப்படி:

* தீவனம், பராமரிப்பு: முதல் எட்டு மாசம் 520 வீதம் 4,160, அடுத்த நாலு மாசம் 445 வீதம் 1,780. ஆக 5,940 ரூபாய்
* கூண்டும் தட்டும் சேர்த்து 5,650. அஞ்சு வருஷம் உழைக்கும்னு வெச்சா இந்த வருஷப் பங்கு 1,130 ரூபாய்
* மருந்து: 250 ரூபாய்
* கோழியோட தேய்மானம்: 1,050 ரூபாய். செத்துப்போன ரெண்டுக்கு முழு விலை, உயிரோட இருக்கிற ரெண்டுக்குப் பாதி விலை
* மொத்தம்: 8,370 ரூபாய்

502-ஆல வகுத்தா ஒரு முட்டை 16 ரூபாய் 67 காசு.

இப்ப வரவு. 142 முட்டையை பக்கத்து வீட்டுக்கும் ஆபீஸுக்கும் 12 ரூபாய்னு வித்தேன், 1,704 ரூபாய். மீதி 360 முட்டையை நாங்களே சாப்பிட்டோம். இதுக்கு என்ன விலை போடுறது?

இங்கதான் எல்லாரும் தன்னைத்தானே ஏமாத்திக்கிற இடம். கடையில நாட்டு முட்டை 18 ரூபாய்னு போர்டு இருக்கும். "360 முட்டைக்கு 6,480 ரூபாய் மிச்சம் பண்ணிட்டேன்"னு சொல்லிக்கலாம். ஆனா கோழி வாங்குறதுக்கு முன்னாடி நான் 18 ரூபாய் முட்டை வாங்கினேனா? இல்லவே இல்ல. எங்க ஏரியாவுல ஆறரை ரூபாய்க்கு விக்கிற வெள்ளை முட்டையைத்தான் வாங்கினேன். அப்ப நான் உண்மையா மிச்சம் பண்ணினது 360 பெருக்கல் 6.50, அதாவது 2,340 ரூபாய். கோழி எருவால தோட்டத்துக்கு மண்புழு உரம் வாங்குறது நின்னுச்சு, அது ஒரு 600.

* முட்டை விற்பனை: 1,704
* முட்டை வாங்காம மிச்சமானது: 2,340
* உரம் மிச்சம்: 600
* மொத்தம்: 4,644 ரூபாய்

8,370-ல 4,644 போக நிகர நஷ்டம் 3,726 ரூபாய். மாசத்துக்குச் சுமார் 310 ரூபாய்.

இந்த விதி கோழிக்கு மட்டும் இல்லைங்க. "ஆஃபர்ல வாங்கினேன், ரெண்டாயிரம் மிச்சம்"னு சொல்றோமே, அங்கயும் இதேதான். எப்படியும் வாங்கியிருக்கப் போற பொருளுக்குத்தான் அது மிச்சம். மத்ததெல்லாம் செலவு.

இன்னொண்ணு. என்கிட்ட இப்ப அஞ்சு இளங்கோழி கூடுதலா இருக்கு. அதை வரவுல சேர்க்கலை. வித்துக் கையில காசு வந்தாத்தான் வரவு. மியூச்சுவல் ஃபண்ட் ஆப்ல பச்சையாத் தெரியுற லாபத்துக்கும் இதே ரூல்தான்.

நாட்டு முட்டையில சத்து பல மடங்குனு நினைச்சு இதுல இறங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நடுத்தர அளவு முட்டை எதுவா இருந்தாலும் சுமார் 6 கிராம் புரதம். ஓடு பழுப்பா வெள்ளையாங்கிறது ரகத்தைப் பொறுத்தது. கரு நல்ல மஞ்சளா இருக்கிறது அது தின்ன கீரை, சோளத்தால வர்றது. ருசியில வித்தியாசம் எனக்குத் தெரியுது. அன்னைக்கு இட்ட முட்டைங்கிறதும் ஒரு காரணம்.

மார்ச் மாசம் நான் பண்ணின தப்பு

ரெண்டு கோழி செத்துப்போச்சுன்னு சொன்னேன் இல்லையா? அது என் தப்பு.

கோழிக்கழிச்சல்னு ஒரு நோய் இருக்கு, வெள்ளைக்கழிச்சல்னும் சொல்வாங்க. ராணிக்கேத்னு டாக்டர்கள் சொல்றது இதைத்தான். வைரஸ் நோய். வந்துட்டா மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். அரசு கால்நடை மருந்தகத்துல கேட்டாப் போதும், வருஷா வருஷம் இலவச முகாமும் நடத்துறாங்க. குஞ்சா இருக்கும்போது முதல் வாரத்துல கண்ணுலயும் மூக்குலயும் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி, அதுக்கப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில பூஸ்டர்.

விடைகளை வாங்கும்போது "எல்லா ஊசியும் போட்டாச்சு"ன்னு வித்தவர் சொன்னார். எப்போ, என்னன்னு நான் கேட்கலை. முகாம் நடந்தப்ப ஒரு சனிக்கிழமை, "அடுத்த வாரம் போவோம்"னு விட்டேன். அடுத்த வாரம் மார்ச் வந்துடுச்சு. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்களுக்கு மார்ச்னா என்னன்னு தெரியும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, டார்ச் அடிச்சுத் தலையை எண்ணிட்டுப் போய்ப் படுப்பேன்.

ஒரு நாள் காலையில ரெண்டு கோழி கூண்டை விட்டு இறங்கலை. கழுத்தைச் சுருக்கிட்டு, இறகைத் தொங்கப் போட்டுட்டு நின்னுச்சு. பச்சையும் வெள்ளையுமா கழிச்சல். மூணாவது நாள் ஒண்ணு, நாலாவது நாள் இன்னொண்ணு. அதுல ஒண்ணுக்கு என் பொண்ணு "பணியாரம்"னு பேர் வெச்சிருந்தா. சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம். அன்னைக்கு ஆபீஸ்ல எந்த நம்பரும் எனக்கு டேலி ஆகலை.

அம்மா குடுத்த சிறுவிடைகளுக்கு ஊர் முகாம்லயே ஊசி போட்டிருந்தாங்க. குஞ்சுகளுக்குப் பொண்ணு நச்சரிச்சதால முதல் வாரமே சொட்டு மருந்து போட்டிருந்தோம். அதெல்லாம் தப்பிச்சது.

நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ரெண்டும் உயிரோட இருந்திருந்தா குறைஞ்சது 120 முட்டை கூட வந்திருக்கும். அதுகளோட தீவனத்தையும் சேர்த்து ஒரு முட்டை 13 ரூபாய் 79 காசுக்கு ஆகியிருக்கும். இலவச ஊசியைத் தள்ளிப் போட்டதுக்கு முட்டைக்குக் கிட்டத்தட்ட மூணு ரூபாய் கட்டினேன். டேர்ம் இன்ஷூரன்ஸை "அடுத்த மாசம் எடுத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டுட்டு இருக்கிறவங்க இதை ஒருதரம் திரும்பப் படிங்க.

மாசம் 310 ரூபாய்க்கு என்ன கிடைச்சது?

இப்ப நோட்டுல எழுத முடியாத பக்கத்துக்கு வருவோம்.

காலையில ஆறு மணிக்குக் கூண்டைத் திறப்பேன். திறக்கிறதுக்கு முன்னாடியே என் செருப்புச் சத்தம் அதுங்களுக்குத் தெரியும். ஒண்ணை ஒண்ணு முட்டித் தள்ளிட்டு வெளிய வந்து, இறகை ஒரு உதறு உதறி, நேரா மண்ணைக் கிளற ஆரம்பிக்கும். அதுலயும் ஒரு வரிசை உண்டு. எங்க வீட்டுல சின்ன உடம்பு சிறுவிடைதான் மேனேஜர். அது தட்டுல வாய் வெச்ச அப்புறம்தான் பெரிய கோழிகள் கிட்ட வரும்.

நான் அங்க ஒரு கவுத்துப் போட்ட பக்கெட்ல பதினஞ்சு நிமிஷம் உட்காருவேன். போன் உள்ள இருக்கும். வெயில் ஏறினதும் கோழி குழி பறிச்சு மண்ணுல குளிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கமா சாஞ்சு, காலை நீட்டி, கண்ணை மூடிட்டு மண்ணை வாரி மேல போட்டுக்கும். உண்ணிப் பூச்சி போறதுக்காக அது பண்றது. கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் அந்தக் குழியில போட்டு விட்டா இன்னும் நல்லது. ஆனா பார்க்கிற நமக்கு, ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி இருக்கும்.

பத்து மணி வாக்குல ஒரு கோழி கொக்கரிக்கிற சத்தம் ஊருக்கே கேட்கும். முட்டை இட்டாச்சுன்னு அறிவிப்பு. ஸ்கூல் லீவுன்னா பொண்ணு ஓடிப்போய் எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பார்ப்பா. சூடா இருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அம்மா 11 முட்டையைத் தூக்குவாளியில தவிடு போட்டுப் புதைச்சுக் குடுத்தாங்க. பஸ்ல மடியில வெச்சே கொண்டு வந்தோம். நம்ம வீட்டுல சேவல் இல்லையே, பொரிக்கிற முட்டை அங்க இருந்துதான் வரணும். அடைக்கு உட்கார்ந்த சிறுவிடை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்திரிக்கும். கொஞ்சம் தின்னுட்டு, தண்ணி குடிச்சுட்டு, ஓடி வந்து மறுபடி உட்கார்ந்துக்கும். முட்டைகளை அதுவே அலகால புரட்டி விடும். பத்தாவது நாள் ராத்திரி, இருட்டுல ஒவ்வொரு முட்டைக்கும் அடியில போன் டார்ச்சை வெச்சுப் பார்த்தோம். உள்ள சிவப்பா நரம்பு ஓடினா கரு இருக்கு. ரெண்டு முட்டை வெறுமனே வெளிச்சமா இருந்துச்சு, கூமுட்டைனு எடுத்துட்டோம்.

இருபத்தோராவது நாள் காலையில கோழி வயித்துக்கு அடியில கீச்சுன்னு சத்தம். எட்டு பொரிச்சுது. ஒண்ணு முட்டைக்குள்ளயே செத்துப் போச்சு. காக்கா ஒண்ணைத் தூக்கிச்சு, பூனை ஒண்ணு, இன்னொண்ணு காரணமே தெரியாம. மிஞ்சினது அஞ்சு. என் பொண்ணுக்கு ஆறு வயசு. பிறப்பையும் சாவையும் ரெண்டு மாசத்துல கண்ணால பார்த்துட்டா. அவ கேட்ட கேள்விகளுக்கு நான் உட்கார்ந்து பதில் சொன்ன நேரம், அந்த வருஷத்துல நான் அவளோட செலவழிச்ச நல்ல நேரம்.

ரெண்டு வருஷமா வணக்கம் மட்டும் சொல்லிக்கிட்ட எதிர் வீட்டு ஆயா இப்ப காய்கறித் தோலை எடுத்து வெச்சுத் தர்றாங்க. வாரம் நாலு முட்டை அவங்களுக்குப் போகும். இதுக்கு நோட்டுல காலம் இல்ல.

மாசம் 310 ரூபாய்ங்கிறது, ரெண்டு பேர் தியேட்டர் போய்ப் பாப்கார்ன் வாங்கினாலே தாண்டிடும். அதனால இதை என் பட்ஜெட்ல "முதலீடு" வரிசையில இருந்து எடுத்து "பொழுதுபோக்கு" வரிசையில போட்டுட்டேன். அங்க போட்டதும் இது எனக்கு ரொம்ப மலிவாத் தெரியுது.

இதே கோழி குடும்பத்தையும் கவுக்கும்

2011, அம்மா துணி முடிச்சை அவிழ்த்த அதே வருஷம். என் தாய்மாமா ஈமு கோழித் திட்டத்துல 1,50,000 ரூபாய் போட்டார். அத்தை நகையை அடகு வெச்ச காசு. குஞ்சை அவங்களே தருவாங்க, தீவனமும் தருவாங்க, வளர்க்கிறதுக்கு மாசம் 6,000 ரூபாய் தருவாங்க, கடைசியில அவங்களே திரும்ப வாங்கிப்பாங்க.

கணக்குப் போடுங்க. வருஷத்துக்கு 72,000. அதாவது 48 சதவீதம். எந்த பேங்க் குடுக்கும்? மாமா கேட்காத கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "இந்த ஈமு கறியை யாரு வாங்கிச் சாப்பிடறாங்க?" எங்க ஊருல ஒரு கடையில கூட ஈமு கறி விக்கலை. அப்ப மாசாமாசம் வந்த 6,000 எங்க இருந்து வந்துச்சு? புதுசா சேர்றவங்க கட்டின பணத்துல இருந்துதான்.

ஏழு மாசம் காசு வந்துச்சு, 42,000 ரூபாய். 2012-ல பெருந்துறை வட்டாரத்துல ஈமு திட்டங்கள் வரிசையா சரிஞ்சப்ப மாமாவோடதும் நின்னுச்சு. மீதி 1,08,000 போனது போனதுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் போட்டு மாட்டிக்கிட்டாங்க. பொருளாதாரக் குற்றப்பிரிவுல, 1997-ல வந்த முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குகள் பதிவாச்சு. கேட்பாரில்லாமப் பட்டினி கிடந்த ஈமுகளுக்கு அரசாங்கமே தீவனம் போட வேண்டி வந்துச்சு.

அதோட முடிஞ்சுதா? 2019-ல மகாராஷ்டிரா சாங்லி பக்கம் இதே கதை, கடக்நாத் கருங்கோழி பேர்ல. கடக்நாத் நல்ல கோழிதான், மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்து ரகம், 2018-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. கோழி மேல குத்தம் இல்ல. "நீங்க பணம் மட்டும் போடுங்க, நாங்க திரும்ப வாங்கிக்கிறோம்"ங்கிற வாக்குறுதிதான் பொறி. அடுத்த தடவை அது ஆடு, முயல், காடைன்னு வேற பேர்ல வரும். அப்ப இந்த மூணு கேள்வியைக் கேளுங்க:

1. இந்தப் பொருளை, கம்பெனியைத் தவிர வெளி ஆள் யாராவது இன்னைக்குக் காசு குடுத்து வாங்குறாங்களா?
2. நிச்சய வருமானம்னு சொல்றது பேங்க் வட்டியை விட எத்தனை மடங்கு?
3. நாளைக்குக் கம்பெனி இல்லாமப் போனா, இதை நான் சந்தையில வித்து என் முதலை எடுக்க முடியுமா?

அம்மாவோட கோழி மூணுலயும் பாஸ். ஊர்ச் சந்தையில எந்த வாரமும் விக்கும். மாமாவோட ஈமு மூணுலயும் ஃபெயில்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட்

* வாடகை வீடுன்னா ஓனர்கிட்டயும், அபார்ட்மெண்ட்னா அசோசியேஷன்லயும் முதல்ல அனுமதி. மாநகராட்சி, ஊராட்சியில கட்டுப்பாடு உண்டான்னும் கேட்டுக்கோங்க.
* நாலு நாள் ஊருக்குப் போனா யாரு தீனி போடுவாங்க? பதில் இல்லைன்னா இப்ப வேண்டாம்.
* ரெண்டு மூணு கோழியோட ஆரம்பிங்க. ஒத்தைக் கோழி வேண்டாம், அது கூட்டமா வாழுற உயிர்.
* கடன் வாங்கியோ கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டோ கூண்டு செய்யாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்ஐபியும் அது பாட்டுக்குப் போகணும்.
* கூண்டைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும், குழந்தைங்க கண்டிப்பா. முட்டையைக் கழுவி எடுத்து வைக்காதீங்க, மேல இருக்கிற இயற்கைப் படலம் போயிடும். சமைக்கும்போது கழுவினாப் போதும்.
* கூண்டுல உமி போட்டு வாரம் ஒருதரம் கிளறி விட்டா நாத்தம் வராது. எருவைப் பச்சையாச் செடிக்குப் போடக்கூடாது, வேர் கருகிடும். மக்க வெச்சுப் போடணும்.
* திடீர்னு நிறைய கோழி செத்தா நீங்களே வைத்தியம் பார்க்காம கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்க.
* பின்னாடி பெருசாப் பண்ற ஐடியா இருந்தா, கோழி வளர்ப்பு வருமானம் விவசாய வருமானம் ஆகாது, வியாபார வருமானமா வரிக்கு வரும்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.
* ஒரு நோட்டு போடுங்க. முதல் நாள்ல இருந்து.

கேன்டீன் தம்பிகிட்ட இந்த நோட்டைக் குடுத்தேன். முழுசும் புரட்டிட்டு, "அப்ப மாசம் ரெண்டாயிரம் வராதுல்ல அண்ணா?"ன்னான். வராதுடானு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அந்த அஞ்சு குஞ்சுல ரெண்டு பெட்டை எனக்குத் தர்றீங்களா?"ன்னு கேட்டான்.

காசுக்குத் தரலை. வாரத்துக்கு விட்டிருக்கேன். பொரிக்கிறதுல பாதி எனக்கு. ஊசி போட்ட தேதியை ஒரு சீட்டுல எழுதி, கூடையிலயே கட்டிக் குடுத்தேன்.

உங்க வீட்டுக் கணக்கு எப்படி இருக்குன்னு நீங்களும் ஒரு வருஷம் எழுதிப் பாருங்க. எங்க கூண்டையும் கரையான் பானையையும் நேர்ல பார்க்கணும்னா நம்ம சேனல்ல வீடியோ இருக்கு. அடுத்த பதிவுல சந்திப்போம்.